படிக்கமும் மொழிபெயர்ப்பும்

மலைநாட்டு இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. 1894இல் பண்டாரவளையை அடைந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, கடல் மட்டத்திற்கு 6,200 அடிக்கு மேல் அமைந்துள்ளது பட்டிப்பொல. இலங்கையில் மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம் அதுவே. மழை கொட்டாத நாளிலும் அங்கே பனிமூட்டத்தோடு நுண்துளிகள் இறங்குவதுண்டு. தோட்டத் தமிழர் அதனைத் தூறல் என்பர். ஆங்கிலத் துரைமாரின் பேச்சிலோ அப்பொழுது வானம் 'துப்புகிறது'. பிரெஞ்சுக்காரர் அத்தகைய தூறலுக்கு இட்ட பெயர் 'கிராஷேன்'. துப்புதல் எனப் பொருள்படும் 'கிராஷே' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. இழிந்ததென ஒதுக்கப்படும் ஒரு செயல், மொழிக்குள் புகுந்து பல கோலங்கொள்வதற்கு இஃது ஒரு சான்று.

வெற்றிலை போடும் வழக்கமுள்ள நாடுகளில் துப்புவதற்கென ஒரு கலம் வேண்டியிருந்தது. தமிழில் அது படிக்கம், சிங்களத்திலும் 'படிக்கம'. இலங்கைக் கரைக்குப் போர்த்துக்கீசர் 1505இல் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றினர். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சியைப் பறித்துக்கொண்ட இவ்விரு சாராரும் இக்கலத்தின் பெயரைப் போர்த்துக்கீசரிடமிருந்தே பெற்றனர் என்பது நோக்கத்தக்கது. துப்புதலைக் குறிக்கும் போர்த்துக்கீச வினை 'குஸ்பிர்'. அதன் வழிவந்த ஆங்கிலச் சொல் 'கஸ்பிடோர்'.

'குஸ்பிர்' என்பதற்கு மூலமான இலத்தீன் சொல் பிரெஞ்சில் வேறு வழி சென்றது. அங்கே 'கோன்ஸ்புவே' என்றால் கூட்டமாகக் கூவி இகழ்தல். திரைஃபுஸ் என்னும் யூதப் படையதிகாரிக்கு நீதி வேண்டி எமில் ஸோலா 1898 சனவரி 13இல் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அவருக்கெதிராக அன்று பாரிஸில் எழுந்த கூச்சல் 'கோன்ஸ்புவே ஸோலா' என்பதாகும். ஒரே வேரிலிருந்து ஓரிடத்தில் வீட்டுக் கலமும், மற்றோரிடத்தில் வீதி வசையும் கிளைத்தன.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஆபத்தாக முடிவது இதனாலேயே. தந்தையை அப்படியே ஒத்த மகனை ஆங்கிலேயர் 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பர். பிரெஞ்சுக்காரர் 'போர்த்ரே கிராஷே' என்பர். இரண்டிலும் துப்பல் உண்டு; இகழ்ச்சி இல்லை. ஆனால் 'தந்தையின் துப்பிய படம்' என்று தமிழாக்கினால் கேட்டவர் சினங்கொள்வார். 'தகப்பனை உரித்து வைத்தாற்போல' என்பதே தமிழ் மரபு. மறைத்ததைச் சொல்லென வற்புறுத்துகையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் துப்பச் சொல்வர். தமிழர் உண்மையைக் கக்கச் சொல்வர். மூன்று மொழிகளும் நெருங்கி நிற்கும் இடமும் உண்டு. மல்லாந்து உமிழ்ந்தால் மார்மேல் விழும் என்கிறது தமிழ்ப் பழமொழி. மேல்நோக்கித் துப்பினால் தன்மீதே விழும் என்பது பிரெஞ்சு. காற்றுக்கெதிரே துப்பினால் தன் முகத்திலே படும் என்பது ஆங்கிலம்.

இச்சொற்களின் இயல்பை நம்மவர் முன்பே ஆராய்ந்துள்ளனர். ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, தம் 'காவியாதரிச'த்தில் இதற்கு விதி வகுத்தார். துப்புதல், கக்குதல் முதலிய சொற்கள் நேர்ப்பொருளில் வரின் கொச்சை. வேறொன்றன்மேல் ஏற்றிச் சொல்லப்படின் மிக அழகு என்பது அவர் கருத்து. அந்நூலைத் தழுவியே தமிழில் தண்டியலங்காரமும் சிங்களத்தில் சியபஸ்லகரவும் தோன்றின. இன்றும் விளக்கு ஒளியை உமிழ்கிறது என்று அறிவியல் நூல்கள் எழுதுகின்றன, எவரும் முகஞ்சுளிப்பதில்லை.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அதன்பின் அறிவித்தலும் சட்டமும் பாடநூலும் மொழிபெயர்ப்பாளர் கைவழியே மக்களை அடைகின்றன. அகராதியில் சொல்லைக் கண்டதோடு அவர் பணி முடிவதில்லை. அச்சொல் அம்மக்கள் நாவில் புகழாய் வழங்குகின்றதா, வசையாய் வழங்குகின்றதா, வெறுந்தூறலாய் நிற்கின்றதா என்று ஆராய்ந்த பின்னரே அவர் எழுதுகோலை எடுத்தல் வேண்டும்.