ஐந்து நாளுக்குள் அடங்காத பண்டிகைகள்

ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்காக நாமக்கல் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். மலையடிவாரப் பேளுக்குறிச்சியில் அன்று பள்ளியும் அரசு அலுவலகமும் மூடியிருக்கும்; ஈடாகப் பின்னர் ஒரு சனிக்கிழமை வேலை. செலாவணி முறிச் சட்டத்தில் அடங்காததால் வங்கிகளுக்கு இது பொருந்தாது.

தனியார் ஆலைத் தொழிலாளிக்குத் துணை, 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டமே: நான்கு தேசிய விடுமுறைகள், ஐந்து பண்டிகை விடுமுறைகள். பொங்கல், தீபாவளி போக எஞ்சும் நாட்களுக்குள் ஆடிப்பெருக்கும் ரமலானும் கிறிஸ்துமஸும் நெருக்கியடிக்க வேண்டும். கொங்கணத்துப் பெனே இஸ்ரேல் யூதர்கள் ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியதால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்றே பெயர் பெற்றனர். அது சொந்தத் தொழில். கூலியாளுக்கு அந்த வசதி ஏது?

அரசு ஊழியர் தாமே தேர்ந்தெடுக்க மூன்று நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும், அந்த ஐந்துக்கு மேலாக, இரண்டு நாளாவது அப்படி வழங்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பேன்.