தைராய்டு இல்லாத உடலும் மூன்று துறைகளின் கட்டளைகளும்

1883இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோகர், முன்கழுத்துக் கழலைக்காகத் தாம் தைராய்டு சுரப்பியை முழுமையாக அகற்றிய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அறுவைகள் வெற்றியென்றே பதிவாகியிருந்தன. வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் முகம் ஊதி, நடை தளர்ந்து, சிந்தை மந்தமாகிக் காணப்பட்டனர். 1874இல் அறுவைக்குள்ளான ஒரு சிறுமி அதன்பின் வளரவேயில்லை. அவளுடைய தங்கை அவளைவிட உயர்ந்து நின்றாள். அவள் மாறிப்போனாள் என்னும் செய்தி கோகருக்கு முன்னரே எட்டியிருந்தது. ஆயினும், ஜெனீவாவின் ழாக்-லூயி ரெவெர்தின் தம் நோயாளிகளிடமும் இத்தகைய மாற்றங்களைக் கண்டதாகச் சொன்ன பின்னரே இந்த மறுபரிசோதனை நிகழ்ந்தது. 1909இல் கோகர் பெற்ற நோபல் பரிசு நினைவுகூரப்படும் அளவுக்கு அந்த ஒன்பது ஆண்டுகள் நினைவுகூரப்படுவதில்லை. காயம் ஆறிய பின் நோயாளி யாருடைய பொறுப்பு என்ற கேள்வி தைராய்டு மருத்துவத்தில் அங்கேயே எழுந்துவிட்டது.

விடைகள் ஒவ்வொரு துறையிலிருந்தும் தனித்தனியே வந்தன. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, சுரப்பி செயலிழந்தவருக்கு நலம் தரமுடியும் எனக் காட்டினார். பின்னாளில் தைராக்சின் மாத்திரை அவ்விடத்தைப் பிடித்தது. 1943இல் நியூயார்க்கில் சாமுவேல் சைட்லின், பல ஆண்டுகளுக்கு முன்னரே தைராய்டு நீக்கப்பட்டும் அச்சுரப்பி மிகையாய் இயங்கும் அறிகுறிகளோடு வந்த ஒருவருக்குக் கதிரியக்க அயோடினை அளித்தார். உடலின் பிற இடங்களுக்குப் பரவிய புற்றுத்திசுவே அவருள் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருந்தது. 1946இல் வெளியான அவ்வறிக்கையோடு அணுக்கரு இயற்பியல் புற்றுநோய் மருத்துவத்துள் நுழைந்தது எனலாம்.

இந்தியாவில் அந்த நுழைவு அணுசக்தித் துறையின் வழியே நடந்தது. டிராம்பேயில் 1956இல் அப்சரா உலையும் 1960இல் சைரஸ் உலையும் இயங்கத் தொடங்கின. 1963இல் பம்பாயின் பரேல் பகுதியில் கதிர்வீச்சு மருத்துவ மையம் அமைந்தது. அறுவை ஒரு நிறுவனத்தில், அயோடின் இன்னொரு நிறுவனத்தில், மாத்திரை சொந்த ஊர் மருத்துவரிடம் என்ற பிரிவினை இன்றும் பல நோயாளிகளின் அனுபவமாகவே நீடிக்கிறது.

இப்பிரிவினையின் முழு எடையும் ஒரு சிறு எண்ணின்மேல் விழுகிறது. பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டுவதற்கு விடுக்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவே அது. கதிரியக்க அயோடினைப் புற்றணுக்கள் உறிஞ்சவேண்டுமானால் அந்த எண் 30ஐத் தாண்டவேண்டும்; அதற்காக மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்தச் சொல்கிறது அணுக்கரு மருத்துவம். அவ்வாரங்களில் குளிர் தாங்காமை, வீக்கம், மறதி, காரணமற்ற அழுகை எல்லாம் வரும். கோகரின் நோயாளிகள் அறியாமல் அடைந்த நிலையை இவர்கள் மருத்துவர் கட்டளையால் அடைகின்றனர். அயோடின் கொடுத்து முடிந்ததும், நோய் மீளும் அபாயம் மிக்கவர்க்கு அதே எண் 0.1க்குக் கீழே இறங்கவேண்டும் எனப் புற்றுநோய்த் துறை மாத்திரையைக் கூட்டுகிறது. இப்போது படபடப்பும் கைநடுக்கமும் உறக்கமின்மையும். ஊருக்குத் திரும்பியவரின் ஆய்வுத்தாளில் அந்த எண்ணுக்கு அருகே 'குறைவு' என அச்சாகியிருக்கும். முன்கதை அறியாத பொது மருத்துவர் மாத்திரை மிகையென்று கருதி அளவைக் குறைப்பார். தம் துறை நூலின்படி அவர் செய்தது பிழையன்று. நோயாளிதான் மூன்று விடைகளுக்கிடையே நிற்கிறார்.

உப்பும் இக்கதையில் உண்டு. 1962இல் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய அரசு, 2006இல் அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்பதை நாடெங்கும் மீண்டும் தடைசெய்தது. இமயமலை அடிவாரத்தின் கழலைத் துயரை அறிந்தோர்க்கு அம்முடிவின் நியாயம் விளங்கும். ஆனால், கதிரியக்க அயோடினுக்கு முந்தைய ஓரிரு வாரங்கள் அயோடின் கலந்த உப்பைத் தவிர்க்குமாறு மருத்துவமனை தரும் தாளோடு கடைக்குச் செல்பவர், உணவுக்கென விற்கக்கூடாத பொருளைத் தேடி அலைகிறார்.

கட்டளைகளும் நிலையாக நிற்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செயற்கை டி.எஸ்.எச். ஊசி, மாத்திரையை நிறுத்தாமலே எண்ணை உயர்த்த வழிசெய்தது; அதன் விலை எல்லோர்க்கும் எட்டுவதன்று. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டு நெறிகள், அபாயம் குறைந்தவர்க்கு அந்த எண்ணை வெகுவாக ஒடுக்கத் தேவையில்லை என்றன. பத்தாண்டுகள் மிகைமாத்திரை உண்டு எலும்பு மெலிந்த ஒருவரிடம், இனி இவ்வளவு வேண்டாம் எனச் சொல்லும்போது, முன்பு சொன்னது தவறா என்று அவர் கேட்பார். அன்றைய அறிவின்படி அது சரியே என்பது உண்மையான விடை. அதை அமர்ந்து விளக்குவதற்குப் புறநோயாளிப் பிரிவில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

ஆகவே நோயாளிகள் தாமே ஆவணக்காப்பாளராகின்றனர். அறுவைக் குறிப்பு, திசு ஆய்வறிக்கை, அயோடின் அளவு, ஆண்டுவாரியான டி.எஸ்.எச். எண்கள் அனைத்தும் ஒரே கோப்பில் தைக்கப்பட்டு நெகிழிப்பையில் சுமக்கப்படுகின்றன. சிலர் முதல் பக்கத்தில் தம் கையாலேயே எழுதிவைத்திருப்பர்: டி.எஸ்.எச். குறைவாயிருப்பது வேண்டுமென்றே, மாத்திரையைக் குறைக்குமுன் புற்றுநோய் மருத்துவரைக் கேட்கவும்.