மண்ணெண்ணெய்த் தீவும் தெம்பனிஸ் சாலையும்

1890களின் தொடக்கத்தில் லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல் ஒரு புதுக் கணக்குப் போட்டார். அதுவரை மண்ணெண்ணெய் கீழை நாடுகளுக்குத் தகர டின்களில் வந்துகொண்டிருந்தது. ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு டின். டின்னையும் பெட்டியையும் விட்டுவிட்டு, ரஷ்ய எண்ணெயைக் கப்பலின் வயிற்றிலேயே நிரப்பி அனுப்பினால் விலையில் அமெரிக்கர்களை முந்தலாம். அதற்குச் சேருமிடத்தில் பெருந்தொட்டிகள் வேண்டும். அவருடைய சிங்கப்பூர் முகவரான சைம் நிறுவனம் ஊருக்குள் இடம் தேடியது. அவ்வளவு எண்ணெயை ஒரே இடத்தில் குவித்தால் தீ அபாயம் என்று காலனி அரசு இடம் கொடுக்கவில்லை. துறைமுக எல்லைக்கு வெளியே, தெற்கே கிடந்த புலாவ் புக்கோம் என்ற சிறு தீவு அதற்கு அமைந்தது. 1892 ஆகஸ்டில் சூயஸ் கால்வாயைக் கடந்த ‘மியூரெக்ஸ்’ கப்பல் தன் சரக்கில் ஒரு பகுதியை அங்கேதான் இறக்கியது. பின்னாளில் ஷெல் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் சிங்கப்பூர் வரலாறு அந்த மறுப்பிலிருந்து தொடங்குகிறது. 1961இல் அந்நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை எழுந்ததும் அதே தீவில்தான்.

அபாயப் பொருளை ஊரிலிருந்து விலக்கி வைப்பது மனிதர் அறிந்த மிகப் பழைய பாதுகாப்பு. கோட்டைகளில் வெடிமருந்துக் கிடங்கு தனித்து நின்றது. சிவகாசியில் மருந்து கலக்கும் அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதும் அதே காரணத்துக்காகத்தான். ஆனால் தூரம் செலவாகித் தீரக்கூடியது. சிறு தீவு நாட்டில் அது வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்று அபாயப் பொருள் ஏற்றிய லாரியின் பின்புறத்தில் காணும் சாய்சதுரப் படமும் நான்கு இலக்க எண்ணும், ஒரு காலத்தில் தூரம் செய்த வேலையைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவை என்பது என் வாதம். அவற்றை ஏற்றுமதி எழுத்தர்களின் தாள்வேலையாக மட்டும் பார்த்தால், அவை எதற்காகப் பிறந்தன என்பது மறைந்துவிடும். இதைச் சோதித்துப் பார்க்கச் சிங்கப்பூரின் கிழக்கிலுள்ள தெம்பனிஸைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பெயர் சூட்டும் வேலை தீவுக் காலத்திலேயே தொடங்கியிருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு வெடித்து வீடு எரிவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலான துயரம். மண்ணெண்ணெயில் மலிவான நாஃப்தாவைக் கலந்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அதன் ஆவி சிறு சுடருக்கே பற்றிக்கொள்ளும். அந்த ஆவி எந்த வெப்பநிலையில் பற்றுகிறது என்று அளந்துவிட்டால் கலப்படம் வெளிப்பட்டுவிடும். ஃபிரெடரிக் ஏபல் என்ற வேதியியலாளர் இதற்கென ஒரு மூடிய கிண்ணக் கருவியை வடிவமைத்தார். பிரிட்டனின் 1879ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் அதை ஏற்று, 73 டிகிரி பாரன்ஹீட்டை எல்லையாக வைத்தது. செல்சியஸில் அது ஏறக்குறைய 23. இந்தியப் பெட்ரோலியச் சட்டத்தில் ‘ஏ’ வகுப்பின் எல்லை இன்றும் 23. உலக நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிகளில், எரியும் திரவங்களைக் கடுமையான பொதியத்துக்கும் மிதமான பொதியத்துக்கும் பிரிக்கும் கோடும் 23. லண்டனில் அது வெதுவெதுப்பான கோடை நாள். சிங்கப்பூரில் விடியற்காலைக் குளிர்ச்சியே ஏறக்குறைய அவ்வளவுதான். நண்பகல் நிழலில் 31, 32 ஆகிவிடும். அப்படியானால் 27 டிகிரியில் பற்றும் திரவம் தாளில் மிதமான பிரிவிலும், தெம்பனிஸ் வெயிலில் கடுமையான பிரிவின் குணத்தோடும் இருக்கும். குளிர்நாட்டில் பிறந்த எண்ணை வெப்பநாட்டில் வைத்து ஆளலாமா என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானது. எரியும் திரவ வகுப்பின் வெளி எல்லையை 60 டிகிரிவரை விரித்து வைத்திருப்பதுதான் அதற்கான பதில். 27 டிகிரித் திரவமும் அந்த மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறது, அதே தீச்சுடர்ப் படத்தோடுதான் சாலையில் ஓடுகிறது. பொதியத்தின் வலு மட்டும் வேறுபடுகிறது. முழுத் திருப்தி தரும் பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பிசகு எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடிவதே ஒரு அளவுகோல் இருப்பதால்தான்.

தீப்பற்றும் குணத்தை மட்டும் அளந்தால் போதும் என்று எண்ண முடியாதபடி செய்தவை துறைமுகங்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும், அதோடு பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சில் பிடித்த தீ வெடிபொருளை எட்டியது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே இருந்த ஒவ்வொரு சரக்கும் என்னவென்று தெரிந்ததுதான்; கேடு அவற்றின் அண்டைமையில் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் ‘கிராண்ட்கேம்ப்’ கப்பல் வெடித்து ஏறக்குறைய அறுநூறு பேர் இறந்தனர். மூட்டைகளில் இருந்தது அம்மோனியம் நைட்ரேட். அதைச் சாதாரண உரமாகவே கையாண்டிருந்தார்கள். புகை வந்தபோது, தண்ணீர் ஊற்றினால் சரக்கு கெட்டுவிடும் என்று நினைத்து, கப்பலறையை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். காற்றைத் தடுத்தால் நெருப்பு சாகும் என்பது விறகுக்குச் சரி. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருக்கும் பொருளுக்கு அது செல்லாது. இன்று அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 1942 என்ற எண்ணும், ஆக்சிஜனேற்றிகளுக்கான 5.1 என்ற பிரிவும் உண்டு. வட்டத்தின் மேல் சுடர் எரியும் அந்த மஞ்சள் படம், மூச்சடைத்து இதைக் கொல்ல முடியாது என்று தீயணைப்பாளருக்குச் சொல்கிறது. ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் 1953இல் அபாயச் சரக்குப் போக்குவரத்துக்கென ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. முதல் பரிந்துரைகள் 1956இல் வந்தன. இன்றுள்ள ஒன்பது வகுப்புகளும் அந்த வேலையின் வழி வந்தவை.

இனி தெம்பனிஸ். ரப்பர்த் தோட்டமும் மணல் குவாரியுமாக இருந்த இடம், 1970களின் இறுதியிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகரமாக மாறியது. அந்த நகரமைப்புக்கு 1992இல் உலக வசிப்பிட விருது கிடைத்தது. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். அதே நகரின் ஓரத்தில் சில்லு வில்லை (வேஃபர்) ஆலைகளுக்கென்றே ஜேடிசி என்ற அரசு நிறுவனம் ஒரு தொழிற்பூங்காவை வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் 300 மில்லிமீட்டர் வில்லைகளுக்கான புதிய ஆலை ஒன்றுக்கும் தெம்பனிஸில் அடிக்கல் நாட்டப்பட்டது. வேதிப்பொருள் ஆலைகளையோ சிங்கப்பூர் இன்னும் தீவில்தான் வைக்கிறது. ஏழு தீவுகளைக் கடல் தூர்த்து இணைத்து, 2000 அக்டோபரில் அதிகாரபூர்வமாகத் திறந்த ஜூரோங் தீவு, புக்கோமின் பெரிய வடிவம். இதைக் காட்டி, தூரம் இன்னும் ஆட்சியில்தான் இருக்கிறது, என் வாதம் மிகை என்று மறுக்கலாம். ஆனால் தீவில் நிறுத்தி வைப்பது உற்பத்தியைத்தான். அமிலத்தையும் வாயுவையும் கேட்கும் ஆலை, மக்கள் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. மேற்கிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ கிழக்கே போக வேண்டுமானால் குடியிருப்புகளைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே விதிகள் லாரியைப் பின்தொடர்கின்றன. நச்சுப் பொருள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். எரியும் பொருளுக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம். வழி முன்கூட்டியே வகுக்கப்படுகிறது, ஓட்டுநர் தனிப் பயிற்சி பெற்று அனுமதி வாங்க வேண்டும், வாகனம் எங்கே இருக்கிறது என்பது கண்காணிக்கப்படுகிறது. இவற்றில் எந்த விதி எந்த லாரிக்கு என்ற முடிவு வகைப்பாட்டில்தான் தொடங்குகிறது. அது பிசகினால் மற்ற அத்தனையும் தவறான வண்டியைக் காவல் காக்கும்.

சில்லு ஆலையின் சரக்குப் பட்டியல் இந்த வகைப்பாட்டைக் கடுமையாகச் சோதிக்கிறது. சிலேன் வாயு காற்றைத் தொட்டதும் தானாகவே பற்றக்கூடியது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலை அரிப்பதோடு நிற்காமல் உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். நீர்த்த கரைசல் பட்டால் வலி சில மணி நேரம் கழித்தே தெரியவும் கூடும். அரிப்புப் பொருள் என்ற ஒற்றைப் பெயர் அதற்குப் போதாது. அதனால்தான் எட்டாம் வகுப்போடு, நச்சுக்கான 6.1ஐத் துணை அபாயமாக அது சுமக்கிறது. ஒன்பது பெட்டிக்குள் உலகத்தின் எல்லா வேதிப்பொருளையும் அடைக்க முடியுமா என்று ஐயப்படுபவர்கள், அந்த இரண்டாவது படத்தைக் கவனிப்பதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெயர் எழுதுபவர் தவறாக எழுதினால்? 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரின் தொழில் விபத்துகளில் அதுவே மிகக் கொடியது. வெட்டுச் சுடரின் நெருப்பு, எரிபொருள் தொட்டி ஒன்றில் சேர்ந்திருந்த ஆவியைப் பற்றவைத்தது. கப்பலின் எரிபொருள் எளிதில் பற்றாதது என்ற எண்ணத்தில்தான் வேலை நடந்தது. அந்தத் தொட்டியிலோ கச்சா எண்ணெய் கலந்திருந்தது. நாஃப்தா கலந்த மண்ணெண்ணெய் விளக்கின் கதைதான் இது, கப்பல் அளவில். பெயர்களை நம்ப முடியாது என்று இதை வைத்து வாதிட்டால் நான் உடன்பட மாட்டேன். அந்தப் பெயர் அங்கே முழுப் பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்தது, அதனால்தான் அது பொய்த்தபோது 76 உயிர் போனது. பெயரைச் சரிபார்க்கும் சோதனைக்கு, பெயருக்குக் கொடுக்கும் மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

பட்டியலுக்கு வெளியே நிற்பவையும் உண்டு. 2021 பிப்ரவரியில் துவாஸில் ஒரு பட்டறை வெடிப்பில் மூன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள், ஒருவர் இந்தியர், இருவர் வங்கதேசத்தவர். முதலில் வெடித்தது கலவை இயந்திரம். தொடர்ந்து தீயாகப் பறந்தது உருளைக்கிழங்கு மாவுத் தூசி. சாலையில் அந்த மாவு மூட்டைக்கு எந்த அபாயப் படமும் தேவையில்லை. இந்த இடைவெளியை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் பட்டியல் கல்வெட்டும் இல்லை. டெட்ராமெதில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்ற திரவத்தை எடுத்துக்கொள்வோம். வில்லையில் ஒளியால் வரைந்த கோடுகளைத் துலக்கும் கரைசல் அது. நெடுங்காலம் அது வெறும் அரிப்புப் பொருளாக, 1835 என்ற எண்ணில் பயணம் செய்தது. அது தோல்வழி ஊறி மூச்சை நிறுத்தும் என்பது தைவானில் தொழிலாளர்கள் இறந்த பிறகே பரவலாக உணரப்பட்டது. 2023இல் வெளியான ஐ.நா. திருத்தப் பதிப்பில், 25 சதவீதமும் அதற்கு மேலும் செறிவுள்ள கரைசல் 3560 என்ற புது எண்ணோடு நச்சு வகுப்புக்கு மாற்றப்பட்டது. ஆலைகள் வாங்குவது பெரும்பாலும் அந்த 25 சதவீதக் கரைசலைத்தான். உள்ளே அதை 2.38 சதவீதமாக நீர்க்க வைத்துப் பயன்படுத்துகிறார்கள். சில்லு ஆலைக்குப் போகும் அந்தப் பீப்பாயில் இனி முதலில் இருக்க வேண்டியது மண்டையோட்டுப் படம். கையை அரிக்கும் திரவத்தின் படம் அதற்கு அடுத்துத்தான்.