நடுமேட்டில் நிற்கும் லொறி

மலையக வரலாறுன்னா கோப்பி, தேயிலை, துண்டு, 1948 குடியுரிமைச் சட்டம் என்றுதான் போவோம். சரிதான். ஆனால் பறிச்ச கொழுந்து தொழிற்சாலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதும் வரலாறுதானே? அதை நாம பெரிசா எழுதுறதில்ல.

பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894இல். அங்கிருந்து பதுளைக்கு இறங்க இன்னும் 30 வருஷம். 1924இல்தான் வந்து சேர்ந்தது. தண்டவாளம் தொடாத பசறை, நமுனுகுல பக்கமெல்லாம் மாட்டுவண்டி, பிறகு லொறி. அதே 1924இல் ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனி, டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் லொறியைக் காட்சிக்கு வைத்தது. 1927இல் பொஷ் கம்பெனி அதற்கான பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. 1954இல் டெய்ம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு டாட்டா இந்தியாவில் லொறி செய்தது. நம்ம றோட்டில் ஓடும் பழைய டாட்டாக்களின் பூர்வீகம் இதுதான். நம்ம ஆட்கள் மாதிரியே கடல் தாண்டி வந்த வண்டிகள்.

இந்த வண்டிகளுக்கு ஒரு பொல்லாத நோய். நல்லா ஓடிக்கிட்டிருக்கும், மேட்டில் திடீர்னு இருமி நின்னுடும். கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணினா எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். கராஜில் காட்டினா குறையே தெரியாது. பழி டிரைவர் தலையில் விழும். பின்னால் சாக்கில் அடைஞ்ச கொழுந்தோ காத்திருக்காது, சூடேறிச் சிவந்துபோகும். நாலரைக் கிலோ கொழுந்துக்குச் சுமார் ஒரு கிலோ தேயிலை. அப்ப ஒரு லொறி நின்னா எத்தனை பேரின் பகல் உழைப்பு கெடும்னு பாருங்க.

குறை தேடும் முறைதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பழைய டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, ஓட மின்சாரமும் வேண்டாம். கம்ப்ரஷன் குறைஞ்சா அது வந்து வந்து போகாது, எப்பவும் குறைவாத்தான் இருக்கும். மிச்சம் டீசலின் பாதை. முதலில் தாங்கி மூடியைத் திறக்கணும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தா, மூடியின் காற்றுத்துளை அடைச்சிருக்கு: டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாம போகுது. நிறுத்தி வெச்சா காற்று மெல்லக் கசிஞ்சு சரியாகும். நோய் மறையும் ரகசியம் அதுதான்.

அது இல்லைன்னா, சுத்தமான டீசல் கேனை எஞ்சினுக்கு மேலே கட்டி, தாங்கியை விட்டுட்டு அதிலிருந்து ஓட்டிப் பார்க்கணும். இப்ப நிக்கலைன்னா குற்றம் தாங்கிப் பக்கம்: அடைச்ச வடி, வெடிச்ச குழாய். உறிஞ்சும் பக்கக் குழாயில் ஓட்டை இருந்தா டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால கண்ணுக்குத் தெரியாது. ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் போட்டா குமிழி காட்டிக்கொடுத்துடும். டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜெக்டர் ஊசி எழும்பாது. 'எயார் புடிச்சிருச்சு' என்ற ஒரே வார்த்தையில் நம்ம பாஸ்மார் சொல்வது இவ்வளவும்தான்.

தாங்கியில் டீசல் குறைவா இருந்தாலும் இதே கதி. பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும்போது டீசல் பின்பக்கம் சரியும். உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நிக்கும். 2022இல் டீசல் இல்லாம வரிசையில் கிடந்தப்போ, அடிமட்டம் வரை ஓட்டினவங்க எத்தனை பேர்! அடியில் கிடந்த துரு, தண்ணி எல்லாம் ஃபில்டருக்கு வந்து சேரும். அதுக்கு வைத்தியம் ஃபில்டரை மாத்தி, மேலே இருக்கிற திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்கிறது. நுரை நின்னு தெளிஞ்ச டீசல் வரும்வரை.