வளர்ந்த பிறகு எங்கே? தென்கோடித் தமிழகத்தின் கிறிஸ்தவ ஆதரவு இல்லங்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

அநாதை இல்லங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் தொடங்கியவர் பெயராலும் திறப்பு விழா ஆண்டாலுமே எழுதிவருகிறோம். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எவ்வளவு நன்கொடை வந்தது என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் பதினாறு, பதினெட்டு வயதை எட்டியபோது எங்கே போனார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் யார் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள் என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. இந்தக் கேள்விக்கு ஓர் இல்லம் வைத்திருந்த பதிலே அதன் தன்மையைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்கக் குமரி முதல் தாமிரபரணி வரையிலான சிறு நிலப்பரப்பே போதும். நாகர்கோவிலும் இடையன்குடியும் நாசரேத்தும் டோனாவூரும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் ஒரே கேள்விக்கு அவை தந்த பதில்கள் வெகுவாக வேறுபட்டன.

முன்கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் பயின்றவர். அந்நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1698இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லம் அன்றைய ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்தது. பிள்ளைக்குச் சோறும் துணியும் மட்டும் போதாது, எழுத்தும் தொழிலும் வேண்டும் என்பது ஹாலேயின் பாடம். தரங்கம்பாடியில் 1707இலேயே மிஷன் செலவில் உண்டு உடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளும் உண்டு.

சென்னையில் நடந்தது வேறு. புனித ஜார்ஜ் கோட்டையில் 1715இல் தொடங்கிய தருமப் பள்ளியும், 1787இல் தொடங்கிய பெண்கள் அநாதை இல்லமும், 1789இல் எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற ஆண்கள் இல்லமும் முதன்மையாகக் கும்பினிப் படையினர் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கானவை. வெள்ளைக்காரத் தகப்பனுக்கு இந்நாட்டுத் தாய்மாரிடம் பிறந்தவர்கள் அவர்களில் பலர். கும்பினியின் தருமம் தன் இரத்தத்தைத்தான் முதலில் தேடியது என்று சொல்வதில் தவறில்லை. ஆயினும் அந்த எழும்பூர் இல்லம் உலகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்ட பெல், அந்த முறையைத் தம் இல்லத்தில் கையாண்டு, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. அநாதைப் பிள்ளைகள் நம் ஊர்த் திண்ணை முறையில் படித்த படிப்பே அதற்கு அடிப்படை.

தெற்கே பாளையங்கோட்டையில் முதல் சபைக்கு அடித்தளம் இட்டவரே ஆதரவற்ற ஒரு பெண்தான். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பிராமண விதவையான குளோரிந்தா, உடன்கட்டையிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரியால் காப்பாற்றப்பட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவருடன் மணமின்றி வாழ்கிறார் என்பதால் ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கிய மிஷனரி ஷுவார்ட்ஸ் ஐயர், அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் உள்ள 40 பெயர்களில் முதல் பெயர் குளோரிந்தாவுடையது. 1785இல் அவர் கட்டிய ஆலயத்தை ஊர் மக்கள் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே அழைக்கிறார்கள். கொடுப்பவர் ஐரோப்பியர், பெறுபவர் இந்நாட்டுப் பெண் என்ற வாய்பாடு தொடக்கத்திலேயே பொருந்தவில்லை என்பதற்காக இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

ரேந்தையும் விடுதலையும்

1819இல் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் இலண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அங்கே முந்திய ஆண்டே வந்திருந்த மீட் ஐயரின் துணைவியார் ஜொஹன்னா தஞ்சை மிஷனில் வளர்ந்தவர். தமிழ்நாட்டு வாழ்க்கை அவருக்குப் புதிதல்ல. இவ்விரு பெண்களும் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியே பின்னாளில் டதி பள்ளியாக வளர்ந்தது.

அங்கே சேர்ந்தவர்கள் யார்? பெற்றோரை இழந்தவர்கள், பெற்றோர் இருந்தும் பிழைக்க வழியற்றவர்கள், அடிமைக் குடும்பங்களின் பிள்ளைகள். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை சட்டப்படியே நடைமுறையில் இருந்தது. நிலத்தோடு சேர்த்து ஆட்களும் விற்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு எழுத்தறிவு கொடுத்துத் திருப்பி அனுப்பினால் அவள் மறுபடியும் உடையவனின் வயலுக்குத்தான் போவாள். திருமதி மால்ட் 1820களின் தொடக்கத்தில் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ரேந்தைப் பின்னல் இந்தச் சிக்கலுக்குள் நுழைந்தது.

ரேந்தை பின்னும் முறையைச் சற்று விவரிக்க வேண்டும். இறுக்கமாக அடைத்த திண்டு ஒன்றை மடியிலோ பலகையிலோ வைப்பார்கள். துளையிட்ட வடிவத்தாளை அதன்மேல் பொருத்தி, துளைக்குத் துளை குண்டூசி குத்துவார்கள். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இணை இணையாகத் திண்டின் ஓரத்தில் தொங்கும். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசியைச் சுற்றி வளைத்துக்கொண்டே போனால் பூவும் இலையும் வலைக்கண்ணும் எழும். பூவேலை கூடக்கூடக் கட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். ஒரு விரல் நீளம் பின்னி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். வேலைக்கு வேண்டியது கண்ணும் விரலும் பொறுமையும். நிலம் வேண்டாம், மாடு வேண்டாம், முதல் மிகக் குறைவு. சொத்தே இல்லாத ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் அன்று கிடைத்திருக்காது. ஆங்கிலேயர் வீடுகளிலும் சீமையிலும் இந்தச் சரக்கு விலைபோயிற்று. ரேந்தையில் ஈட்டிய பணத்தைச் சேர்த்துத் தங்கள் அடிமைத் தளையை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் பேசுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அரசாணைக்கு முன்பே சில பெண்கள் நூலால் தங்களை விடுவித்துக்கொண்டார்கள் என்பது, என் பார்வையில், இந்த முழு வரலாற்றின் மிகப் பெரிய செய்தி.

அதே பெண்கள் தையலும் கற்றார்கள், குப்பாயம் என்னும் ரவிக்கையைத் தைத்தார்கள், அணிந்தார்கள். மேலுடம்பை மறைக்கும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822இலும் பின்னர் 1827லும் கிளம்பி, 1858–59இல் பெருங்கலவரமாக வெடித்தது. 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று பிரகடனம் செய்தார். மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை போடக்கூடாது என்ற தடை அப்போதும் நீங்கவில்லை. இந்தப் போராட்டத்தை மிஷனரிகளின் மனுக்களோடு மட்டும் சேர்த்துப் படிப்பது குறையுடைய வாசிப்பு. சந்தையில் ரவிக்கை கிழிக்கப்பட்டு அடிபட்டவர்கள் உள்ளூர்ப் பெண்கள். கையில் தொழிலும் கொஞ்சம் காசும் இருந்ததால் அந்தத் துணிவு வந்தது என்று நிறுவ முடியாது. ஆனால் இரண்டும் ஒரே முற்றத்தில் வளர்ந்தன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சீமையிலிருந்து ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர் அவளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. தாய் வைத்த பெயர் போய், முகம் அறியாத ஒரு சீமாட்டியின் பெயரோடு வாழ்நாள் முழுதும் வாழ்ந்தவர்கள் உண்டு. விடுதியை விட்டு வெளியேறும் வழி பெரும்பாலும் திருமணமே. மாப்பிள்ளை உபதேசியாரோ பள்ளி ஆசிரியரோ. ரேந்தைத் திண்டு சீர்வரிசைபோல அவளோடு கூடப் போயிற்று.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். நாகர்கோவிலில் தமிழ் கேட்டு வளர்ந்த அவர் தாயின் தொழிலை அந்தத் தேரிக்காட்டுக்குக் கொண்டுசென்று, பெண்கள் பள்ளியோடு ரேந்தைப் பின்னலையும் நடத்தினார். ஒப்பிலக்கணம் எழுதிய கணவரின் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். பனையை நம்பிய ஓர் ஊரில், பனை பலன் தராத மாதங்களிலும் பெண்கள் கையில் காசு புழங்க வழிசெய்தவரின் பெயரை இடையன்குடிக்கு வெளியே சொல்வார் குறைவு.

பஞ்சம்

1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பீடுகள் உண்டு. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த அநாதைப் பிள்ளைகள் திடீரெனக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக மாறினார்கள் என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்தது. பெரியவர்களைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டு அவர்களின் அறிவையும் முடிவெடுக்கும் உரிமையையும் கொச்சைப்படுத்துகிறது. பிள்ளைகளின் நிலை வேறு. பசியோடு வந்த ஆறு வயதுக் குழந்தை எந்த மதத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. இல்லம் அதற்காகத் தேர்ந்தெடுத்தது. இதை மறைக்காமல் எழுதுவதுதான் ஆய்வுக்கு நேர்மை.

1876இல் நாசரேத்துக்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் மருத்துவம் அறிந்தவர். பஞ்சத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்காக 1878இல் அவர் தொடங்கிய கலைத்தொழிற்பள்ளியில் தச்சு, கொல்லு, நெசவு, தையல் என்று பல பட்டறைகள் இயங்கின. நாசரேத்தின் பதில் கைத்தொழில். ஆண் பிள்ளைகளுக்கு அது நேரான பாதை, உளியோடு வெளியே போனால் எந்த ஊரிலும் பிழைக்கலாம். பெண் பிள்ளைகளுக்குத் தொழிலுக்கு அப்பாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: யார் வீட்டுப் பெண்? தாய்மாமன், அத்தை, ஊர் என்று எதுவுமில்லாத பெண்ணுக்கு வரன் பேச யார் வருவார்? பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், 1897இல் ஸ்வெயின்சன் அம்மையார் செவித்திறனற்றோருக்கும் தொடங்கிய பள்ளிகள் இன்னும் கடினமான நிலையிலிருந்த பிள்ளைகளை ஏற்றன. அவற்றைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

உறவுமுறையே நிறுவனமாக

1901 மார்ச் மாதத்தில் பண்ணைவிளையில் தங்கியிருந்த ஏமி கார்மைக்கேலிடம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அடைக்கலம் தேடி வந்தாள். பெருங்குளம் கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட இருந்தவர்களிடமிருந்து தப்பி வந்தவள் அவள். முன்பு ஒருமுறை தப்பித் தாயிடம் போனபோது திருப்பி அனுப்பப்பட்டு, தண்டனையாகக் கைகளில் சூடு வாங்கியிருந்தாள். அயர்லாந்தின் வடபகுதியில் 1867இல் பிறந்த ஏமி, அதுவரை கிராமம் கிராமமாகச் சென்று பிரசங்கம் செய்யும் பெண்கள் குழு ஒன்றை நடத்திவந்தவர். அந்தச் சிறுமியின் வருகைக்குப் பிறகு அவரது வேலையே மாறிப்போனது. அதே ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள டோனாவூருக்குக் குடிபெயர்ந்தார். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் கொடையால் எழுந்து, அவர் பெயரையே தாங்கி நிற்கும் ஊர் அது.

1904 முதல் கைக்குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். தாய்ப்பால் இல்லாத சிசுவைக் காப்பாற்ற மருத்துவமனை அருகில் வேண்டும். டோனாவூரில் அது இல்லை. ஆகவே திருவிதாங்கூர் எல்லைக்குள் நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையை அடுத்துச் சிசுக்கள் விடுதி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்ற பொன்னம்மாள் இளம் வயதில் விதவையானவர். கழுத்திலும் காதிலும் கிடந்த நகைகளைத் தாமாகவே கழற்றிவைத்தவர். பால் காய்ச்சுவது, அளப்பது, பேதி கண்ட குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருப்பது, புதிதாக வந்த பணிப்பெண்களைப் பழக்குவது எல்லாம் அவர் கையில். 1913இல் புற்றுநோயால் இறந்தார். டோனாவூர் வரலாறு என்றாலே ஏமியின் வரலாறு என்று ஆகிவிட்ட நிலையில், பொன்னம்மாள் இல்லையென்றால் அந்த இல்லம் முதல் பத்தாண்டைத் தாண்டியிராது என்று உறுதியாகச் சொல்வேன்.

வளர்ந்த பிறகு எங்கே என்ற கேள்விக்கு டோனாவூர் தந்த பதில் மற்ற எவரும் தராதது: போக வேண்டியதில்லை, இதுதான் வீடு. வளர்ந்த பெண்கள் ‘அக்கா’மார் ஆனார்கள், ஒவ்வோர் அக்காவிடமும் சில குழந்தைகள். வெளிநாட்டுப் பெண்களுக்குச் ‘சித்தி’, ஆண்களுக்கு ‘அண்ணாச்சி’, ஏமிக்கு ‘அம்மா’. திருநெல்வேலிக் குடும்பத்தின் உறவுமுறையையே எடுத்து ஒரு நிறுவனத்தைக் கட்டியிருக்கிறார்கள். தாய்மாமனும் அத்தையும் இல்லாத பிள்ளைக்குச் சித்தியும் அக்காவும் கிடைத்தார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்ற கொள்கையும் இதோடு சேர்ந்தது. 1918இல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். 1927இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவாயிற்று.

ஆனால் அன்பால் கட்டிய உறவைச் சட்டம் ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களின் தனிச்சட்டத்தில் தத்தெடுப்புக்கு இடமில்லை; 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி அன்று காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. அதுவும் உயிரோடு இருக்கும் தாயின் உரிமைக்கு முன் நிற்கவில்லை. 1911இல் டோனாவூரில் அடைக்கலம் புகுந்த ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்குமாறு தீர்ப்பு வந்தது. தீர்ப்புக்குப் பின் சிறுமி காணாமல் போனாள். இலங்கை வழியாகச் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே வளர்ந்தாள். நீதிமன்ற ஆணையை மீறியது குற்றம். அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் பண்ணைவிளைச் சிறுமியின் சூட்டுத் தழும்புகளிலிருந்து தெரிந்திருந்தது. இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்காமல் ஏமியைப் போற்றுவதும் தூற்றுவதும் எளிது. தேவதாசி மரபை அவர் எழுதிய விதத்தில் அவர்களது கலையும் சொத்துரிமையும் இடம்பெறவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் கூறுவது சரியே. குழந்தைகள் கைமாறியது குறித்து அவர் சொன்னதை அது பொய்யாக்கவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டம் 1947இல் சென்னை மாகாணச் சட்டமாக முடிந்தபோது, பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று. 1951 ஜனவரியில் ஏமி காலமானார். அவர் விருப்பப்படி கல்லறைக்கல் நடவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்தார்கள்.

சட்டத்தின் காலம் அதன்பிறகு வந்தது. 1960இல் அநாதை இல்லங்களின் மேற்பார்வைக்கான மத்தியச் சட்டம். 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் வழியாக எம்மதத்தாரும் தத்தெடுக்கும் உரிமை. பிராங்கே முதல் பொன்னம்மாள்வரை எவரிடமும் இல்லாத கருவி இது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்று, நிறுவனத்தில் வைத்து வளர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், பிள்ளைக்குக் குடும்பமே முதலில் வேண்டும் என்கிறது. அந்த நெறியில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் குடும்பம் கிடைக்காமல் இல்லத்திலேயே வளர்ந்த பெண்ணுக்குப் பதினெட்டு வயதில் கதவு திறக்கப்படுகிறது. பின்கவனிப்பு என்ற பெயரில் உதவி கிடைத்தாலும் பொதுவாக இருபத்தொரு வயதுவரைதான். பிள்ளைப்பேற்றுக்கும் தீபாவளி, கிறிஸ்துமஸுக்கும் திரும்பி வர ஒரு வாசல் அவளுக்கு வேண்டும் என்பதை எந்தப் பிரிவும் சொல்வதில்லை. இல்லங்களை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகள் படுக்கைகளையும் கழிப்பறைகளையும் எண்ணுவதோடு, இங்கிருந்து போன பெண்களில் எத்தனை பேர் கடந்த ஆண்டு இங்கே வந்து தங்கினார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.