குளுக் ஸ்தானிகரான கதை

1957 ஜூலையில் அமெரிக்கச் செனற் சபையின் வெளியுறவுக் குழுவின் முன் மக்ஸ்வெல் குளுக் வந்து அமர்ந்தார். மகளிர் ஆடைக் கடைகள் பலவற்றின் அதிபர். கெந்தக்கியிலே பந்தயக் குதிரைகள் வளர்த்தவர். ஜனாதிபதி ஐசன்ஹோவர் அவரை இலங்கைக்கு ஸ்தானிகராகத் தெரிந்தெடுத்திருந்தார்.

முந்திய ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு எவ்வளவு வழங்கினீர் என்று செனற்றர் புல்பிறைற் வினவினார். இருபதினாயிரம், முப்பதினாயிரம் டொலர் இருக்கலாம் என்பது விடை. இலங்கைப் பிரதமர் யார்? பெயர் நாவில் வரவில்லை. இந்தியப் பிரதமரின் பெயர் தெரியுமாம், உச்சரிக்கத்தான் வராதாம். 'நேரு' என்பது ஈரெழுத்து!

இச்செய்தி வெளியாகி அமெரிக்கப் பத்திரிகைகள் நகைத்த அந்த மாதத்திலேதான், 26ஆந் தேதி, பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் தம் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். நன்கொடைக்காக நியமிக்கவில்லை, அறியாதவற்றை அவர் கற்றுக்கொள்வார் என்றார் ஐசன்ஹோவர்.

நகைப்பது எளிது. ஆனால் பெயர் அறியாமையா இங்கு குற்றம்? பரீட்சைக்கு முதல்நாளிரவு விடையை மனனஞ் செய்து வரும் மாணவனை நாம் வகுப்பில் நாள்தோறும் காண்கிறோம். குளுக்கும் அவ்வாறு வந்திருந்தால் எவரும் நகைத்திருக்கமாட்டார். டொலர் மட்டும் அப்படியே இருந்திருக்கும். இலண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் விருந்துச் செலவுக்குச் சம்பளம் போதாது, ஆகவே செல்வரை அனுப்புகிறோம் என்று சமாதானம் கூறுவதுண்டு. கொழும்புக்கு அச்சமாதானமும் பொருந்தாது. பயிற்சி பெற்ற வெளிநாட்டுச் சேவையை அந்நாடு 1924இலேயே சட்டமூலம் அமைத்திருந்தது.

செனற் சபை ஒப்புக்கொண்டது. 1957 செப்டெம்பரில் குளுக் கொழும்பில் பதவியேற்றார். அடுத்த வாரங்களில் திருகோணமலைக் கடற்படைத்தளமும் கட்டுநாயக்க விமானத்தளமும் பிரித்தானியரிடமிருந்து நம் கைக்கு வந்தன. டிசெம்பரில் பெருவெள்ளம், அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகொப்டர்கள் உணவு சுமந்தன, அதனை மறத்தல் நன்றன்று. 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் தமிழர் உயிரும் உடைமையும் பறிபோயின. இவற்றுள் எதையும் அவர் தலையிற் சுமத்துவது எம் நோக்கமன்று. இத்தகைய ஓராண்டை விளங்கிக்கொள்ளத்தக்க ஒருவரை அனுப்பவேண்டும் என்று வாஷிங்டனுக்குத் தோன்றவில்லை என்பதே எமது முறைப்பாடு. ஒக்டோபரில் அவர் போய்விட்டார். கற்றுக்கொள்ள எடுத்த காலம் ஓராண்டுதான்.

தேர்தல் நன்கொடை ஸ்தானிகர் நியமனத்துக்குக் காரணமாதல் கூடாதென 1980இல் அமெரிக்கா சட்டமியற்றியது. அதன் பின்னரும், இரு கட்சியாரின் ஆட்சியிலும், பெருங்கொடையாளர் ஸ்தானிகராகப் புறப்பட்டனர். தேர்தலில் தோற்றவர்க்கும் கட்சிக்கு வேண்டியவர்க்கும் தூதரகங்களைப் பங்கிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. கட்சிக்கு எவ்வளவு கொடுத்தீர் என்னும் அந்த முதல் வினாவை இங்கே அவர்களிடம் கேட்பவர் யார்?