நாற்றங்கால்காரரும் சஞ்சிக்கூலிகளும்



நிழற்பந்தல் போட்டு, மண் சலித்து, தேயிலை நாற்று வளர்க்கத் தெரிந்த தாய்மார்கள் நம் கேமரன் மலையில் பலர் இருக்கிறீர்கள். இன்று நான் சொல்லப்போகிறவரும் உங்கள் தொழிற்காரர்தாம். அவர் பெயர் ஜேம்ஸ் பேக்ஹவுஸ். 1794-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் பிறந்தார். 1815-ஆம் ஆண்டையொட்டித் தம் சகோதரர் தாமசுடன் சேர்ந்து, யார்க் நகரில் ஒரு பழைய நாற்றுப்பண்ணையை விலைக்கு வாங்கினார். பழமரக் கன்றும் பூச்செடியும் விற்பதே அக்குடும்பத்தின் பிழைப்பு.

பேக்ஹவுஸ் குடும்பத்தார் குவேக்கர்கள். கிறிஸ்தவர்களில் ஒரு சிறு பிரிவினர் இவர்கள். போருக்குப் போகமாட்டார்கள், சத்தியம் செய்யமாட்டார்கள், பிரபு வந்தாலும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். எல்லா மனிதருக்குள்ளும் ஒரே ஒளி இருக்கும்போது ஒருவன் மற்றவனை எப்படி விலைக்கு வாங்கலாம் என்று கேட்டவர்கள். அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1787-இல் லண்டனில் கூடிய பன்னிருவர் குழுவில் ஒன்பது பேர் குவேக்கர்களே. வியாபாரத்தை 1807-இல் பாராளுமன்றம் தடுத்தது. அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது. நட்டஈடாக இரண்டு கோடி பவுன் கொடுத்தார்கள். யாருக்கு என்கிறீர்கள்? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அடிமைப்பட்டுக் கிடந்தவனுக்குச் சல்லிக்காசு இல்லை. அதற்கு மேலும், ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் சில ஆண்டுகள் அதே எசமானனிடம் உழைக்கவேண்டும் என்றும் விதித்தார்கள்.

பேக்ஹவுஸின் மனைவி 1827-இல் காலமானார். 1831-இல், ஆறு வயதும் நிரம்பாத மகனை ஊரில் விட்டுவிட்டு அவர் கப்பலேறினார். உடன் சென்றவர் ஜார்ஜ் வாஷிங்டன் வாக்கர் என்ற துணிக்கடைக்காரர். ஆஸ்திரேலியாவில் ஆறு ஆண்டுகள் சுற்றினார்கள். விலங்கு பூட்டப்பட்ட கைதிகளின் நிலையை நேரில் பார்த்து, ஆளுநருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் செடிகளைக் குறித்துக்கொள்வதையும் பேக்ஹவுஸ் விடவில்லை. அறிக்கையால் அன்றே விலங்குகள் கழன்றுவிடவில்லை. ஆனால் கண்ணால் பார்த்தவன் எழுதிய தாளை ‘பொய்’ என்று தள்ளிவிடுவது அதிகாரிகளுக்கு எளிதன்று.

1838-இல் அவர்கள் மொரீசியஸ் தீவில் இறங்கினார்கள். நம் கதை இங்கேதான் வந்து சேருகிறது. அத்தீவில் அடிமைகளாயிருந்தவர் ஏறத்தாழ 66,000 பேர். அவர்கள் கரும்புத் தோட்டத்தை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று கலங்கிய முதலாளிகள், முன்கூட்டியே இந்தியாவிலிருந்து ஆள் இறக்கத் தொடங்கியிருந்தார்கள். 1834 நவம்பர் 2-ஆம் நாள் ‘அட்லஸ்’ கப்பலில் 36 பேர் போர்ட் லூயி துறைக்கு வந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய், அரிசி, பருப்பு, உப்பு. வந்தவர்களில் பெண்கள் மிகச் சிலரே. பின்னாளில் ஒருநாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாள் கூலி வெட்டும் முறையும் வந்தது. பெரட்டில் பெயர் விழாவிட்டால் என்ன நடக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று.

ஆக, விடுதலை முழுதும் கிடைக்காத பழைய அடிமையும், விலங்கில்லாமல் வந்த புதிய கூலியும் ஒரே தீவில் உழைத்துக்கொண்டிருந்த வேளையில் அந்த நாற்றங்கால்காரர் அங்கே போய்ச் சேர்ந்தார். மொரீசியஸ், தென்னாப்பிரிக்கா பயணங்களைப் பற்றிய அவரது நூல் 1844-இல் வெளிவந்தது. இதற்குள் இங்கிலாந்தில் ஜோசப் ஸ்டர்ஜ் என்ற மற்றொரு குவேக்கர் 1839-இல் அடிமை எதிர்ப்புச் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தார். கூலி ஏற்றுமதியையும் அச்சங்கத்தார் எதிர்த்தனர். 1839-இல் இந்திய அரசு தடை போட்டது. மூன்றே ஆண்டில், 1842-இல், மொரீசியசுக்குக் கதவு மறுபடி திறந்தது. கரும்பு முதலாளிகளின் கை அவ்வளவு நீளம்! ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் அத்தீவுக்குப் போனார்கள். அவர்களில் சென்னைத் துறையிலிருந்து ஏறிய தமிழர் பலர்.

அடிமைமுறையை ஒழித்தவர்களை நாம் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆயினும் பழைய பூட்டை உடைத்தபோதே பக்கத்துக் கடையில் புதுப்பூட்டு செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அந்தப் பூட்டுத்தான் மலாயாவுக்கும் வந்தது. நம்மவர் அதைச் ‘சஞ்சி’ என்றார்கள். மலாய்ச் சொல்லான ‘ஜஞ்சி’, அதாவது வாக்குறுதி, நம் வாயில் அப்படி ஆயிற்று. வாக்குறுதி தந்தது யார், கட்டுண்டது யார் என்று அந்தச் சொல் கூறுவதில்லை. மலாயாவில் இந்தியச் சஞ்சிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. நம் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். எனவே சஞ்சிக்கூலியாக நம்மவர் எவரும் இம்மலை ஏறவில்லை. கங்காணி ஆள்கட்டும் காலம் மட்டும் 1938 வரை இருந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசுவோம்.

வாக்கர் ஹோபார்ட் நகருக்குத் திரும்பி, ஏழைகளுக்கென ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். பேக்ஹவுஸ் தென்னாப்பிரிக்காவில் மாட்டுவண்டியிலும் குதிரையிலும் அலைந்துவிட்டு, 1841-இல் யார்க் திரும்பினார். ஊரில் விட்டுப்போன மகன் அப்போது பதினைந்து வயதுப் பையன். பின்னர் அவனும் அதே தொழிலில் இறங்கினான். 1853-இல் ஹோல்கேட் என்ற இடத்தில் நூறு ஏக்கரில் பண்ணை விரிந்தது. தந்தை 1869-இல் மறைந்தார்; பண்ணை 1955-இல் மூடப்பட்டது. ஆஸ்திரேலிய மரவகை ஒன்றுக்குச் செடிநூல் அறிஞர்கள் ‘பேக்ஹவுசியா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவ்வகையில் ஒரு மரத்தின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். அதைக் காயவைத்து, வெந்நீரில் போட்டு, நம் தேயிலையைப் போலவே குடிக்கிறார்கள்.